நாலு பக்கத்தைப் பின் அடித்து வைத்திருக்கிறேன்: ஓர் அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: என் மகளுக்குப் பத்தரை வயது, ஐந்தாம் வகுப்பு. மகன் எட்டாம் வகுப்பு. போன மாதம் எதிர்வீட்டுப் பெண் வயதுக்கு வந்தாள். இவளைவிட ஒரு வயதுதான் மூத்தவள். தினமும் சேர்ந்து பள்ளிக்கூடம் போகிறவர்கள். "அந்த அக்கா ஏம்மா ஸ்கூலுக்கு வரல?" என்று கேட்டாள். "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நாள் எதிர்வீட்டு வாசலில் பந்தல், தாய்மாமன் சீர், மைக் செட். "காய்ச்சலுக்கு எதுக்கும்மா பந்தல்?" என்று கேட்டாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அப்புறம் புத்தகத் திருவிழாவில் வளரும் பிள்ளைகளுக்கான ஒரு படப் புத்தகம் வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் நாலு பக்கம் மட்டும் ஆண் உடம்பு, பெண் உடம்பு, குழந்தை எப்படி உருவாகிறது என்று படத்தோடு இருந்தது. அந்த நாலையும் சேர்த்துப் பின் அடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். என் மாமியார் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்கிறார். கணவர் "ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க" என்கிறார். எந்த வயதில், எந்தப் புத்தகம், எப்படிக் கொடுப்பது? மகனுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. (ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில் எழுதுபவர்: குழந்தைகள் பிரிவில் 24 ஆண்டுகளாகப் பணிபுரியும் நூலகர்.

அன்புள்ள சகோதரிக்கு,

காய்ச்சலுக்கு எதுக்குப் பந்தல் என்று உங்கள் மகள் கேட்டாளே, அந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு சரியான கேள்வி. அம்மா சொன்னது ஒன்று, வாசலில் நடப்பது வேறொன்று என்று அவள் பொருத்திப் பார்த்திருக்கிறாள். ஏதோ ஒன்றைத் தன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது என்ன என்பதுதான் தெரியாது. இந்த நிலையில் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. பக்கத்து பெஞ்சில் கேட்கும். அங்கே கிடைக்கிற பாதியோடு தானாக ஒரு பாதியைச் சேர்த்துக்கொள்ளும்.

அந்தச் சேர்த்துக்கொள்கிற பாதி எப்படி இருக்கும் என்று நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். ஆறாம் வகுப்புச் சீருடையில் ஒரு பெண், பெரியவர்கள் பிரிவில் மருத்துவ அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகள் பொதுவாக அந்தப் பக்கம் போக மாட்டார்கள். கையில் புற்றுநோய் பற்றிய ஒரு தடித்த புத்தகம். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஒரு பக்கம் மட்டும் கட்டி வந்தா அதுதானே மிஸ்?" என்றாள். எத்தனை நாள் அந்தப் பயத்தோடு தூங்கி எழுந்தாளோ. குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போய், சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து, சரியான பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு நான் என் மேஜைக்கு வந்துவிட்டேன். அவள் அதை மூன்று முறை வாசித்தாள். பிறகு புத்தகத்தை அடுக்கில் வைத்துவிட்டு, மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்கிப் போனாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் உடம்பு மாறத் தொடங்கும். முதலில் மார்புக் காம்பின் அடியில் சுண்டைக்காய் மாதிரி ஒரு கட்டி வரும், தொட்டால் வலிக்கும். பல பேருக்கு ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பதினொன்றரை வயதில் வந்தது ரொம்பச் சாதாரணம். உங்கள் மகளும் பாதி வழியில் இருக்கலாம். ஆகவே எந்த வயதில் என்ற கேள்விக்கு என் பதில், இந்த வாரத்தில் என்பதுதான். மாதவிடாய் வந்த பிறகு கொடுக்கிற புத்தகத்தைப் பிள்ளைகள் ஆறுதலுக்காக வாசிப்பார்கள். வருவதற்கு முன் கொடுத்தால்தான் அது பயத்தைத் தடுக்கும்.

உங்கள் கணவர் பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்கிறார். சொல்லித் தருகிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 8ஆம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடமே இருக்கிறது. உங்கள் மகனின் பையிலேயே அந்தப் புத்தகம் இருக்கும், எடுத்துக் காட்டுங்கள். ஆனால் உங்கள் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் எட்டாம் வகுப்புக்குப் போவதற்குள் அவளுக்கும் வந்துவிடலாம், அவள் தோழிகளில் பாதிப் பேருக்கும் வந்துவிடும்.

அடுத்து, நீங்கள் பின் அடித்த பக்கங்கள்.

எங்கள் குழந்தைகள் பிரிவில் வளரிளம் பருவத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. நூலகப் புத்தகத்தின் உள்ளட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனால் திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் முத்திரை போடுவோம். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஏழு வருடத்தில் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துக்கட்டும் பட்டியலில் அது சேர வேண்டும். புரட்டிப் பார்த்தேன். முன்பக்கங்களும் பின்பக்கங்களும் புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தன. நடுவில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களின் ஓரம் மட்டும் கறுத்து, மூலைகள் மடங்கி, ஒரு தாள் தையலிலிருந்து விடுபட்டிருந்தது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகத் துணியவில்லை. இரண்டு அடுக்குக்கு நடுவில் நின்றுகொண்டே, யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வாசித்திருக்கிறார்கள். ஏழு வருடமாக எத்தனையோ பிள்ளைகள். அந்தப் பக்கங்களை ஒட்டி, புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். கண்ணில் படாத மூலையில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். பட்டியலில் சேர்க்கவில்லை.

உங்கள் மகள் பீரோவைத் திறக்கும் நாளில் முதலில் திறப்பது பின் அடித்த இடத்தைத்தான். நகத்தால் நெம்பி, இடுக்கில் எட்டிப் பார்ப்பாள். அதில் இருப்பது அவள் உடம்பின் படம். தன் உடம்பு பின் அடித்து மூடவேண்டிய விஷயம் என்று அவளாக முடிவு கட்டிக்கொள்வாள். குழந்தை எப்படி உருவாகிறது என்ற பகுதி அவளுக்கு அதிகம் என்று உங்களுக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை வருடத்தில் நான் கவனித்தது, பிள்ளைகள் தங்களுக்கு எட்டாததைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்ப வருகிறார்கள்.

பக்கத்தை ஒட்டுவது என்றதும் எனக்கு ஆன் ஃபிராங்க் நினைவுக்கு வருகிறாள். 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பு அது. யூதச் சிறுமியான அவள், நாஜிகளுக்குப் பயந்து அடுத்த மாதமே குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழப் போய்விட்டாள். அந்த முதல் நாட்குறிப்பில் இரண்டு பக்கங்களை அவளே பழுப்புத் தாள் ஒட்டி மறைத்திருந்தாள். 2018இல்தான் ஆய்வாளர்கள் புகைப்பட நுட்பத்தால் தாளைப் பிரிக்காமலே அதைப் படித்தார்கள். 1942 செப்டம்பர் 28இல் எழுதியது. உள்ளே இருந்தவை, யாரிடமோ கேட்ட நாலு விரசமான நகைச்சுவைத் துணுக்குகள், அப்புறம் ஆண் பெண் உறவையும் மாதவிடாயையும் ஒருவருக்கு விளக்கிச் சொல்வதாகக் கற்பனை செய்துகொண்டு எழுதிய 33 வரிகள். வெளியே யுத்தம், உயிருக்கே ஆபத்து. அந்த வீட்டுக்குள்ளும் பதின்மூன்று வயதுக்கு அதை யோசிக்க வேண்டியிருந்தது, எழுத வேண்டியிருந்தது, எழுதியதை மறைக்க வேண்டியிருந்தது. மறைத்ததைப் பிரித்துப் படித்தது சரியா என்று எனக்கு இன்றும் ஒரு நெருடல் உண்டு.

அந்த நாட்குறிப்பு 1947இல் முதலில் புத்தகமாக வந்தபோது, உடம்பைப் பற்றி அவள் வெளிப்படையாக எழுதிய சில பகுதிகளைப் பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து வந்த முழுப் பதிப்புகளில்தான் அவை திரும்ப வந்தன. அவள் தானே தாள் ஒட்டியதையும், மற்றவர்கள் அவள் வரிகளை எடுத்ததையும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன். உங்கள் மகள் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கட்டும், அட்டைக்குச் செய்தித்தாள் போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் அறைக்குள் வந்ததும் படக்கென்று மூடட்டும். அதற்கெல்லாம் அவளுக்கு உரிமை இருக்கிறது. பின் அடிக்கும் உரிமை மட்டும் நமக்கு வேண்டாம்.

சரி, எந்தப் புத்தகம்?

இரண்டு வகைப் புத்தகம் வேண்டும் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். என்ன நடக்கும் என்று சொல்லும் தகவல் புத்தகம் ஒன்று. அது நடக்கும்போது மனசு எப்படி இருக்கும் என்று காட்டும் கதைப் புத்தகம் ஒன்று. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1970இல் ஒரு நாவல் எழுதினார். மார்கரெட் என்ற பதினோரு வயதுப் பெண், தோழிகளுக்கு ஒவ்வொருத்தியாக மாதவிடாய் வர, தனக்கு எப்போது வரும், தான் மட்டும் இயல்பாக இல்லையோ என்று கடவுளிடம் தனியாகப் பேசிக்கொண்டே இருப்பாள். தன் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளிக்கு ஜூடி ப்ளூமே பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாதவிடாய் பற்றி இருக்கிறது என்று தலைமை ஆசிரியர் அதை நூலகத்தில் வைக்க மறுத்துவிட்டார். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே வயதுக்கு வந்த பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. முதல் பதிப்பில் இடுப்பில் பெல்ட் கட்டி அதில் மாட்டும் பழைய பாணி நாப்கின் வரும். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது என்பதால், பிற்பாடு வந்த பதிப்புகளில் ஒட்டும் நாப்கின் என்று மாற்றிவிட்டார்கள். அதற்காக மார்கரெட்டின் கவலையில் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை. 2023இல் அது படமாகவும் வந்தது. தகவல் புத்தகத்தைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த மாதிரிக் கதைகள் அம்மாவிடமிருந்து மகளுக்கு அப்படியே போகும்.

தகவல் வகையில் நான் முதலில் கையில் எடுப்பது மென்ஸ்ட்ருபீடியா காமிக். அதிதி குப்தாவும் துஹின் பாலும் உருவாக்கியது, தமிழிலும் கிடைக்கிறது. பிங்கி என்ற சின்னப் பெண்ணும் அவள் தோழிகளும் டாக்டராக இருக்கும் ஓர் அக்காவிடம் கேள்வி கேட்பது மாதிரி போகும். உங்கள் மகள் சித்திரக்கதை வாசிக்கிற வயது, சுலபமாக உள்ளே போய்விடுவாள். நாப்கினை எப்படி வைப்பது, பயன்படுத்தியதை எப்படிச் சுருட்டித் தாளில் பொதிந்து போடுவது என்பதெல்லாம் படமாகவே இருக்கும். அம்மாக்கள் சொல்ல மறந்துபோவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்னச் செய்முறையைத்தான்.

நீங்கள் ஏற்கெனவே வாங்கியதும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சோதிக்க ஒரு வழி. மாதவிடாய் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை அப்படியே மூடிவிடுங்கள். எழுதியவருக்கே விஷயம் தெரியாது. கருப்பையின் உட்சுவரில் அந்த மாதம் சேர்ந்த பஞ்சு போன்ற படலம், தேவைப்படாததால் கரைந்து வருகிறது. மொத்தமே இரண்டு மூன்று மேஜைக்கரண்டி அளவு. பயந்துபோகிற பிள்ளைக்கு அந்த அளவு தெரிவது எவ்வளவு நிம்மதி தெரியுமா! முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் ஒழுங்காக வராது, 21 நாளிலும் வரலாம், 45 நாள் வரையும் தள்ளிப் போகலாம் என்று சொல்கிறதா என்றும் பாருங்கள். முகப்பருப் பக்கத்தில் சிவப்பழகுக் குறிப்பு இருந்தால், கடைசியில் அடக்க ஒடுக்கமாக இருப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம் இருந்தால், எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். அப்படிப்பட்டவை சந்தையில் நிறைய இருக்கின்றன, விலையும் குறைவு.

கதைப் புத்தகத்துக்கு வந்தால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஐந்து வயதுக்குத் தமிழில் அழகழகான படப் புத்தகங்கள் வருகின்றன. பெரியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். நடுவில் பத்திலிருந்து பதினாலு வரை உள்ள பிள்ளைக்கு, அவள் உடம்பும் மனசும் மாறுவதைப் பற்றிப் பேசும் கதை விரல்விட்டு எண்ணும் அளவுதான். இருப்பதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' கிடைத்தால் முதலில் அதைக் கொடுங்கள். ஜப்பானின் டெட்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. அதில் மாதவிடாய் கிடையாது. ஆனால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. தலைமை ஆசிரியர் கோபயாஷி பிள்ளைகளை நீச்சலுடை இல்லாமலே குளிக்கவிடுவார். எல்லா உடம்பும் அழகுதான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதித்த யாசுவாகி-சான் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். உடம்பைக் காட்டக் கூச்சப்பட்ட பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களோடு தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். நம் ஊரில் அப்படிக் குளிக்கவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பகுதியை வாசித்த பிறகு, குட்டை, நெட்டை, கறுப்பு, குண்டு என்று வகுப்பில் கேட்கிற பேச்சு ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவாக வலிக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வேறொரு காரணத்துக்காக வீட்டில் இருக்க வேண்டும். தொடக்கூடாத விதத்தில் ஒருவர் தொட்டால் என்ன செய்வது என்பதை, பேசும் மரப்பாச்சி பொம்மை வழியாகச் சொல்லும் சிறார் நாவல். 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வளர்வதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே இதையும் பேசிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதை ஒத்திப்போட வேண்டாம்.

ஆங்கிலம் சரளமாக வாசிப்பாள் என்றால், சென்னையின் தூலிகா பதிப்பகம் 2011இல் போட்ட 'மயில் வில் நாட் பீ கொயட்' இருக்கிறது. நிவேதிதா சுப்பிரமணியமும் சௌம்யா ராஜேந்திரனும் எழுதியது. மயில் பன்னிரண்டு வயதுப் பெண், நாட்குறிப்பு எழுதுகிறாள். பெண் பிள்ளை ஏன் இப்படி இருக்க வேண்டும், பையன் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்பாள். பந்தலைப் பார்த்துக் கேள்வி கேட்ட உங்கள் மகளுக்கு அவளோடு நன்றாக ஒத்துப்போகும்.

எப்படிக் கொடுப்பது என்றால், முதலில் நீங்கள் முழுசாக வாசித்துவிடுங்கள், அந்த நாலு பக்கத்தையும் சேர்த்து. பிறகு காலையில் தலை பின்னும் நேரம்தான் எனக்குத் தெரிந்து ரொம்ப நல்ல நேரம். நீங்கள் பின்னால், அவள் முன்னால். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கைக்கும் வேலை இருக்கும், அவள் ஓடவும் முடியாது. அப்போது சொல்லுங்கள்: "அன்னிக்கு அக்காவுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்ல, அது காய்ச்சல் இல்லடா. அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு புத்தகம் வாங்கியிருக்கேன், அதுல இருக்கு." இவ்வளவு போதும். அந்தப் பொய்யைத் திருத்துவதைத்தான் நான் முதல் வேலையாக வைப்பேன். புத்தகம் அதற்குப் பிறகு.

பரிசுத்தாள் சுற்றி, எதிரில் உட்கார வைத்துக் கொடுக்க வேண்டாம். அவளுடைய மற்றப் புத்தகங்களோடு வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வாசித்தாயா, என்ன புரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பாடப் புத்தகமாகிவிடும். ஒரு வாரம் எதுவுமே கேட்காமல் இருந்துவிட்டு, திடீரென்று சாம்பார் கொதிக்கும்போது வந்து ஒரு கேள்வி கேட்பாள். அடுப்பைக் குறைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், வா சேர்ந்து பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறங்கள்.

உங்கள் மாமியாரை எதிர்த்தரப்பில் நிறுத்தாதீர்கள். அவர் காலத்தில் ஒருத்தரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தனிக் குடிசை, தனித் தட்டு, தீட்டு என்று என்னென்ன பட்டாரோ. ஒருநாள் உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள், "உங்களுக்கு எத்தன வயசுல பாட்டி? பயந்தீங்களா?" என்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்குப் பாட்டி ஒரு மணி நேரம் பேசினார். அம்மாவே அதுவரை கேட்டிராத கதை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பாட்டி கொடுக்கட்டும், ஆசையோடு சாப்பிடட்டும். தீட்டு என்ற சொல்லை மட்டும் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. இந்த வயசுல எதுக்கு என்று அவர் திரும்பக் கேட்டால், நம் பழைய இலக்கண நூல்கள் இந்த வயதுக்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கின்றன என்று சொல்லுங்கள். பேதைக்கு அடுத்தது பெதும்பை, 8 முதல் 11 வயது வரை. பன்னிரண்டில் மங்கை. உங்கள் மகள் அந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறாள்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் கூடுதல் கவலை. பெண் பிள்ளைக்கு நல்லதோ கெட்டதோ ஒரு சடங்காவது இருக்கிறது, நாலு பேர் வந்து பேசுகிறார்கள். பையனிடம் யாருமே எதுவும் பேசுவதில்லை. ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் மாற்றம் தொடங்கும். குரல் உடையும், வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் வாய் திறக்கக் கூசுவான். தூக்கத்தில் விந்து வெளியேறும், விடியற்காலையில் தானே துணியை அலசிப் போடுவான். பையன்களில் பாதிப் பேருக்கு மேல் மார்பு லேசாக வீங்கி வலிக்கும், ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வடிந்துவிடும். தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று சட்டையைக் கழற்றாமலே திரிவான். இதையெல்லாம் நாம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. பஸ் நிலையச் சுவரைப் பாருங்கள். சிறு வயதில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார் என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த எந்தப் பையனும் அதை வாசித்திருப்பான். இப்போது கையில் போன் வேறு. தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் இல்லை, எந்தச் சத்தும் போய்விடாது என்று ஒரு வரியை ஒரு நல்ல புத்தகத்தில் அவன் வாசித்துவிட்டால், அந்தச் சுவருக்கு அவனிடம் வேலை இல்லை.

மென்ஸ்ட்ருபீடியா குழுவே பையன்களுக்கென்று 'குலு' என்ற காமிக் போட்டிருக்கிறது. அவனுடைய அறிவியல் பாடத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கதைக்கு, கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கொடுங்கள். கரிசல் காட்டில் பறவை முட்டை தேடி அலையும் பையனின் கதை. உடம்பைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஆனால் பேசத் தெரியாத ஒரு பையனின் மனசு அதில் இருக்கிறது. பேச்சை உங்கள் கணவரிடம் விடுங்கள். அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தயங்குவார். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது, "எனக்குப் பதிமூணு வயசுல குரல் உடைஞ்சப்ப..." என்று அவர் ஆரம்பித்தால் போதும். தங்கையின் புத்தகத்தை அண்ணனும் வாசிக்கட்டும். நாளைக்கு அவளுக்குப் பள்ளியில் வந்து, பாவாடையில் கறை பட்டால், முதலில் பார்ப்பது அவனாக இருக்கலாம். தன் பையை அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வர அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் புத்தகமும் மருத்துவருக்கு ஈடாகாது. மகளுக்கு 15 வயது முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலும், வந்தபின் மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலும், மகனுக்கு 14 வயதாகியும் எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுங்கள். பின்னை நகத்தால் பிடுங்காதீர்கள், தாள் கிழிந்துவிடும். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் மடங்கியிருக்கிற இரண்டு கால்களையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்துங்கள், பிறகு முன்பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். துளைகள் தெரியத்தான் செய்யும். அவள் கண்ணில் படும், கட்டாயம் கேட்பாள். "நான்தான் பின் அடிச்சேன். அப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டேன்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூலகர் அக்கா